மரபணுவும் சூழலும் சேர்ந்து நோய் உண்டாக்குவதை ஆராய்வது எப்படி: கேள்வி முதல் கணக்கு வரை

நெதர்லாந்தின் லெய்டன் நகரிலிருந்து 1994ல் லான்செட் இதழில் வெளியான ஒரு சிறிய ஆய்வு இன்றும் இந்தத் துறையில் பாடமாக நடத்தப்படுகிறது. காலின் ஆழ்சிரையில் முதன்முறையாக ரத்தம் உறைந்த 155 பெண்களையும், அப்படி உறையாத 169 பெண்களையும் அதில் ஒப்பிட்டார்கள். எல்லோரும் 15 முதல் 49 வயதுக்குள் இருந்தவர்கள். ஃபேக்டர் ஃபைவ் லெய்டன் என்ற மரபணு மாற்றமும் இல்லை, கருத்தடை மாத்திரையும் இல்லை என்றால் 10,000 பெண்களில் ஆண்டுக்கு 0.8 பேருக்கு உறைவு. மாத்திரை மட்டும் என்றால் 3.0 பேர். மரபணு மாற்றம் மட்டும் என்றால் 5.7 பேர். இரண்டும் சேர்ந்தால் 28.5 பேர்.

இப்படி ஒரு விடை கிடைக்க என்னென்ன செய்ய வேண்டும், எங்கெங்கே தவறும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். எம்டி ஆய்வேடு எழுதுபவர்கள், மருத்துவமனை ஆய்வுக் குழுவில் சேர்ந்தவர்கள், உயிரியல் படித்துவிட்டு மருத்துவ ஆய்வுக்கு வருபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது. இப்போது டிஎன்ஏ பரிசோதனைதான் இந்த வேலையிலேயே எளிய பகுதி. ஆனால் பணமும் கவனமும் அங்கேதான் போய்க் குவிகின்றன. நோயைச் சரியாக வரையறுப்பது, சூழலைச் சரியாக அளப்பது, போதுமான ஆட்களைச் சேர்ப்பது ஆகிய மூன்றில்தான் பெரும்பாலான ஆய்வுகள் கெடுகின்றன.

படி 1: ஒரு மரபணு, ஒரு சூழல் காரணி, ஒரு நோய்

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுத வராவிட்டால் அது ஆய்வுக்கு இன்னும் தயாராகவில்லை. அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஓர் உயிர்வேதியியல் வழித்தடமும் இருக்க வேண்டும். புகையிலைப் புகையில் அரோமேட்டிக் அமீன்கள் இருக்கின்றன. என்ஏடி2 என்ற நொதி அவற்றை அசெட்டைலேற்றம் செய்து கழிக்க உதவுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி மந்தமாக வேலை செய்யும். அவர்கள் புகைபிடித்தால் சிறுநீர்ப்பைக்கு அதிக நச்சு போய்ச் சேரும். இதுதான் கருதுகோள். ஸ்பெயினில் 1,150 நோயாளிகளையும் 1,149 ஒப்பீட்டாளர்களையும் வைத்து 2005ல் வெளியான ஆய்வில், மந்த வகையினருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் ஆட்ஸ் ரேஷியோ (நோய் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய எத்தனை மடங்கு என்ற விகிதம்) 1.4 என்று வந்தது. புகையே பிடிக்காதவர்களிடம் இந்தக் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. வழித்தடம் சொன்னதும் கணக்கு சொன்னதும் ஒத்துப்போயின.

மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். செரோட்டோனின் கடத்தி மரபணுவின் குட்டை வடிவமும் வாழ்க்கை நெருக்கடிகளும் சேர்ந்தால் மனச்சோர்வு வருகிறது என்று நியூசிலாந்தின் டனீடன் ஆய்வை வைத்து 2003ல் சயன்ஸ் இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. உலகெங்கும் அதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். 14 ஆய்வுகளையும் 14,250 பேரையும் சேர்த்து 2009ல் கணக்கிட்டபோது அந்தக் கூட்டு விளைவு (இரண்டும் சேரும்போது வரும் கூடுதல் விளைவு) காணவில்லை. மனநல மருத்துவத்தில் இந்த வகை ஆய்வுகளின் முதல் பத்தாண்டைத் தொகுத்துப் பார்த்த இன்னொரு கட்டுரை இதைவிடக் கலக்கம் தருவது: புதிதாகச் சொல்லப்பட்ட கூட்டு விளைவுகளில் 96 சதவீதம் புள்ளியியல்படி 'உண்மை' என்று வெளியாயின, திரும்பச் செய்து பார்த்த முயற்சிகளில் 27 சதவீதம்தான் தேறின. இதற்குப் பெரிய காரணம், பல சேர்க்கைகளைச் சோதித்துவிட்டுத் தேறியதை மட்டும் எழுதுவது. 10 மரபணு, 5 சூழல் காரணி, 3 நோய் அளவீடு என்று வைத்தால் 150 சோதனைகள். எதிலுமே உண்மை இல்லை என்றாலும் 0.05 அளவுகோலில் (தற்செயலாகவே தேற நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு) ஏழெட்டு 'தேறிவிடும்'. ஆகவே முதன்மைச் சோதனை எது என்பதை ஆள் சேர்க்கும் முன்பே தேதியுடன் பதிவு செய்துவிடுங்கள்.

படி 2: நோயைப் பிரித்து வரையறுங்கள்

ஸ்வீடனில் 1996 முதல் நடந்துவரும் ஐரா ஆய்வு முடக்குவாதத்தை எடுத்துக்கொண்டது. எச்எல்ஏ-டிஆர்பி1 மரபணுவின் குறிப்பிட்ட அல்லீல்களும் (ஒரே மரபணுவின் மாற்று வடிவங்கள்) புகைபிடித்தலும் சேர்ந்தால் என்ன ஆகிறது என்பது கேள்வி. முடக்குவாதம் என்று எல்லாரையும் ஒரே பெட்டியில் போடாமல், சிட்ருலின் ஏறிய புரதங்களுக்கு எதிரான நோயெதிர்பொருள் ரத்தத்தில் இருப்பவர், இல்லாதவர் என்று பிரித்தார்கள். அந்த அல்லீல் இரண்டு பிரதி இருந்து புகையும் பிடித்தவர்களுக்கு, இரண்டும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், எதிர்பொருள் உள்ள வகை முடக்குவாதம் 21 மடங்கு என்று 2006ல் தெரிந்தது. எதிர்பொருள் இல்லாத வகையில் அப்படி எதுவும் இல்லை. பிரிக்காமல் கலந்திருந்தால் அந்த 21 நீர்த்துப் போயிருக்கும்.

உங்கள் நோய்க்கும் இப்படி ஒரு பிரிவுக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்துமா என்றால் ஈசினோஃபில் எண்ணிக்கை, நீரிழிவு என்றால் ஜிஏடி எதிர்பொருளும் சி-பெப்டைடும், புற்றுநோய் என்றால் திசு வகை. இன்னொன்று: புதிதாகக் கண்டறியப்பட்ட நோயாளிகளையே சேருங்கள். பத்தாண்டாக நோயோடு இருப்பவர் உணவை, புகையை, வேலையை எல்லாம் ஏற்கெனவே மாற்றியிருப்பார்.

படி 3: நான்கு கட்டங்களை வரைந்து, மிகச் சிறிய கட்டத்தை எண்ணுங்கள்

லெய்டன் ஆய்வின் எண்ணிக்கை இது:

இரண்டும் உண்டு: நோயாளிகள் 25, ஒப்பீட்டுப் பெண்கள் 2
மரபணு மாற்றம் மட்டும்: 10, 4
மாத்திரை மட்டும்: 84, 63
இரண்டும் இல்லை: 36, 100

முதல் வரியில் இருக்கும் அந்த 2ஐக் கவனியுங்கள். ஒப்பீட்டுக் குழுவில் மரபணு மாற்றம் உள்ளவர்கள் 3.6 சதவீதம், மாத்திரை சாப்பிடுபவர்கள் 38 சதவீதம். பெருக்கினால் 1.4 சதவீதம். 169 பேரில் இரண்டு பேருக்குச் சற்று மேல்தான் எதிர்பார்க்க முடியும். அந்தக் கட்டத்தில் 20 பேர் வேண்டுமென்றால் ஏறக்குறைய 1,450 ஒப்பீட்டாளர்களைச் சேர்க்க வேண்டியிருக்கும். ஆய்வின் வலிமை மொத்த எண்ணிக்கையில் இல்லை, மிகச் சிறிய கட்டத்தில் இருக்கிறது.

ஒரு தனிக் காரணியின் விளைவைக் காண எத்தனை பேர் தேவையோ, அதே அளவுள்ள கூட்டு விளைவைக் காணக் குறைந்தது அதைப்போல் நான்கு மடங்கு தேவை. 1984ல் வெளியான இந்த விதி இன்னும் மாறவில்லை. ஆகவே உங்கள் ஊரில் அந்த அல்லீல் எத்தனை சதவீதம் என்பதை முதலில் பாருங்கள். ஃபேக்டர் ஃபைவ் லெய்டன் ஐரோப்பியரிடம் சாதாரணம், தென்னிந்தியரிடம் அரிது. மதுவும் உணவுக்குழாய்ப் புற்றுநோயும் பற்றிய கேள்வியில் கிழக்காசியாவில் மையமாக நிற்கும் ஏஎல்டிஎச்2 மாற்றமும் நம் பக்கம் அரிதுதான். அயல்நாட்டுக் கட்டுரையில் பளிச்சென்று தெரிந்த மரபணுவை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் கட்டம் காலியாகவே கிடக்கும்.

படி 4: வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

நோயாளி–ஒப்பீட்டாளர் வடிவம் மலிவானது, வேகமானது. அரிய நோய்களுக்கு வேறு வழியும் இல்லை. அதன் பலவீனம் நினைவு: நோய் வந்தவர் காரணம் தேடித் தேடி நினைவுகூர்வார், நோயில்லாதவர் மறந்திருப்பார். ஒப்பீட்டாளர்கள் நோயாளிகள் வந்த அதே மக்களிடமிருந்து வர வேண்டும். பக்கத்து வார்டில் நெஞ்சு நோய்க்குப் படுத்திருப்பவர்களைப் புகை ஆய்வுக்கு ஒப்பீட்டாளராக எடுத்தால், அவர்களும் புகைபிடித்தவர்களாகவே இருப்பார்கள், விளைவு மறைந்துவிடும்.

கோஹார்ட் வடிவத்தில், அதாவது நோயில்லாத ஒரு குழுவை ஆண்டுக்கணக்கில் தொடரும் வடிவத்தில், நோய் வருவதற்கு முன்பே சூழலை அளக்கலாம். ஆண்டுகள் ஆகும், செலவாகும்.

நோயாளிகளை மட்டும் வைத்தே கூட்டு விளைவைக் கணக்கிடும் வடிவம் ஒன்றும் உண்டு. லெய்டன் நோயாளிகளில் 25×36ஐ 10×84ஆல் வகுத்தால் 1.07 வரும். ஒப்பீட்டாளர்களையும் சேர்த்த முழுக் கணக்கில் வருவது 1.35. பொதுமக்களிடம் மரபணுவும் சூழல் காரணியும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் இருந்தால் மட்டுமே இந்தக் குறுக்குவழி செல்லும். குடும்பத்தில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் மருத்துவரே மாத்திரையைத் தவிர்ப்பார், அப்போது அந்தத் தொடர்பின்மை உடையும். ஒப்பீட்டாளர்களே கிடைக்காத நிலையில் மட்டும் இதை நாடுங்கள்.

மரபணுவைப் பார்த்து ஆட்களைத் திரும்ப அழைப்பது நான்காவது வடிவம். அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள தேசியச் சூழல் சுகாதார அறிவியல் நிறுவனம் 2000களின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய 20,000 பேரின் டிஎன்ஏவைச் சேர்த்து வைத்தது. குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர், இல்லாதவர் என்று சம எண்ணிக்கையில் கூப்பிட்டு விரிவாகச் சோதிக்க முடிகிறது. அந்தக் காலிக் கட்டத்தை நாமே நிரப்பிக்கொள்வது போன்றது இது. ஆனால் 'உங்களை ஏன் கூப்பிட்டோம்' என்று சொல்லும்போதே மரபணு முடிவும் பாதி வெளியாகிவிடுகிறது. முதல் ஒப்புதல் படிவத்திலேயே இதற்கு அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

தலையீட்டு ஆய்வும் சாத்தியம். மெக்சிகோ நகரில் ஆஸ்துமா உள்ள 158 குழந்தைகளுக்கு நாள்தோறும் 250 மில்லிகிராம் வைட்டமின் சியும் 50 மில்லிகிராம் வைட்டமின் ஈயும் சேர்த்து, அல்லது போலி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ஓசோன் நுரையீரலைப் பாதிப்பதை வைட்டமின் தடுத்தது, நச்சைக் கழிக்க உதவும் ஜிஎஸ்டிஎம்1 மரபணு அறவே இல்லாத குழந்தைகளிடம்தான் தெளிவாகத் தெரிந்தது.

படி 5: சூழலை அளப்பது

நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். அளவு சற்றுத் தவறினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு: உண்மையான ஆட்ஸ் ரேஷியோ 2, ஒப்பீட்டாளர்களில் 30 சதவீதம் பேர் அந்தக் காரணிக்கு ஆளானவர்கள். உங்கள் கேள்வித்தாள் ஆளானவர்களில் 80 சதவீதம் பேரையும், ஆளாகாதவர்களில் 90 சதவீதம் பேரையும் சரியாகப் பிடிக்கிறது. கேட்க நல்ல கேள்வித்தாளாகத்தான் இருக்கிறது. ஆனால் கையில் வரும் ஆட்ஸ் ரேஷியோ 1.63. தனி விளைவே இப்படிக் கரைகிறது என்றால் கூட்டு விளைவு எவ்வளவு தாங்கும்?

'புகைபிடிப்பீர்களா' என்று கேட்காதீர்கள். எந்த வயதில் தொடக்கம், எப்போது நிறுத்தம், நாளுக்கு எத்தனை, நடுவில் விட்ட ஆண்டுகள் எவை என்று காலக்கோடு போட்டுக் கேளுங்கள். நம் ஊரில் சிகரெட், பீடி, வெற்றிலையோடு புகையிலை, வீட்டுக்குள் பிறர் புகை என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ரத்தத்தில் கோட்டினின் (நிக்கோட்டின் உடலில் சிதைந்து உண்டாகும் பொருள்) அளந்தால் போதாதா என்பார்கள். அதன் அரை ஆயுள் சுமார் 16 மணி நேரம், கடைசி இரண்டு மூன்று நாட்களைத்தான் சொல்லும். புகையிலை மெல்பவருக்கும் அது ஏறும், ஆனால் அவர் நுரையீரலுக்குள் புகை போகவில்லை. கேள்வித்தாள் கடந்த காலத்துக்கு, கோட்டினின் பொய்யைப் பிடிக்க என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் உடலில் ஒரு காலக்கணக்கு உண்டு. ரத்தத்தில் ஈயத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய ஒரு மாதம், எலும்பில் பல ஆண்டுகள். சிறுநீரில் ஆர்சனிக் கடைசிச் சில நாட்களைக் காட்டும். முதல்நாள் மீனோ இறாலோ சாப்பிட்டிருந்தால் அதிலுள்ள தீங்கற்ற ஆர்சனிக் சேர்மம் மொத்த அளவைத் தூக்கிவிடும். மாதிரி எடுப்பதற்கு மூன்று நாள் முன்னிருந்து கடலுணவைத் தவிர்க்கச் சொல்லுங்கள், முடிந்தால் ஆர்சனிக்கை வகை பிரித்து அளக்கும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சிறுநீர் நீர்த்திருப்பதைச் சரிசெய்யக் கிரியேட்டினினால் வகுப்பது வழக்கம். நீங்கள் ஆராய்வதே சிறுநீரக நோயென்றால், நோயே அந்த வகுத்தியை மாற்றிவிடும். அங்கே ஒப்படர்த்தி அளவை நாடுவது நல்லது.

கனிமங்களுக்கான ரத்தத்தைச் சாதாரணக் குழாயில் எடுக்கக் கூடாது. நுண்கனிமம் நீக்கிய அடர்நீல மூடிக் குழாய் வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் காலிக் குழாய்கள் சிலவற்றை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதியுங்கள்.

சூழலை நேராகப் போய் அளந்ததற்கு நல்ல உதாரணம் வங்கதேசத்தின் ஆராய்ஹசார் பகுதியில் 2000ல் தொடங்கிய ஆய்வு. அங்குள்ள ஏறக்குறைய 6,000 குழாய்க் கிணறுகளின் தண்ணீரையும் சோதித்தார்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் எந்தக் கிணற்றுத் தண்ணீர், எத்தனை ஆண்டாக, நாளுக்கு எவ்வளவு என்று கேட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்தக் கிணறுகளில் பல அதைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தன. ஆர்சனிக்கை உடல் மாற்றும் ஏஎஸ்3எம்டி மரபணுவின் அருகிலுள்ள மாற்றங்கள் தோல் புண்களோடு தொடர்புடையவை என்று பின்னர் காட்ட முடிந்ததற்கு, இந்தப் பொறுமையான கிணற்றுக் கணக்கே அடித்தளம்.

படி 6: ரத்தமும் டிஎன்ஏவும்

ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் 3 முதல் 6 மில்லிலிட்டர். ஹெப்பாரின் குழாய் வேண்டாம், டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் வினையை அது தடுக்கும். குழாயை எட்டு முதல் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்காதீர்கள். 200 மைக்ரோலிட்டர் ரத்தத்திலிருந்து டிஎன்ஏ பிரிக்கும் வடிகுழாய் (column) கிட் பொதுவாக 4 முதல் 8 மைக்ரோகிராம் டிஎன்ஏ தரும், பல மரபணு இடங்களை ஒரே நேரத்தில் படிக்கும் ஜீனோடைப் சிப்புக்கு இதில் சிறு பகுதியே போதும். மீதியைப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில், இரண்டு வெவ்வேறு ஃப்ரீசர்களில் வையுங்கள். மின்சாரம் போகும் ஊரில் ஒரே ஃப்ரீசரை நம்பக் கூடாது.

தட்டில் அடுக்கும்போது நோயாளிகளை ஒரு தட்டிலும் ஒப்பீட்டாளர்களை இன்னொரு தட்டிலும் வைப்பது மன்னிக்க முடியாத பிழை. தட்டுக்குத் தட்டு வரும் சிறு வேறுபாடெல்லாம் நோயின் வேறுபாடாகத் தெரியும். கலந்து அடுக்குங்கள், நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து மாதிரிகளை இரட்டையாக வையுங்கள்.

ஜிஎஸ்டிஎம்1 போல மரபணுவே காணாமல் போகும் வகைகளில் ஒரு பொறி இருக்கிறது. பிசிஆரில் பட்டை வரவில்லை என்றால் 'மரபணு இல்லை' என்று எழுதிவிடுவார்கள். டிஎன்ஏ கெட்டுப்போயிருந்தாலும் பட்டை வராது. ஆகவே அதே குழாயில் எல்லோருக்கும் இருக்கும் இன்னொரு மரபணுவையும், உதாரணமாக பீட்டா-குளோபினை, பெருக்க வேண்டும். குளோபின் பட்டை வந்து ஜிஎஸ்டிஎம்1 பட்டை வராதிருந்தால் மட்டுமே 'இல்லை'. இரண்டுமே வரவில்லை என்றால் அந்த மாதிரியைத் திரும்பச் செய்யுங்கள்.

படி 7: ஜீனோடைப் தரமும் மக்கள் கலப்பும்

சிப் முடிவு வந்ததும் வழக்கமான வடிகட்டல்: மரபணு இடங்களில் 97 அல்லது 98 சதவீதத்துக்கும் குறைவாகவே படிக்க முடிந்த மாதிரிகளை நீக்குங்கள், பதிவிலுள்ள பாலினமும் டிஎன்ஏ சொல்லும் பாலினமும் பொருந்தாதவற்றைத் தேடிப் பிடியுங்கள் (பெரும்பாலும் குழாய் மாறியிருக்கும்), உறவினர்களைக் கண்டறியுங்கள்.

தென்னிந்தியாவில் இதோடு முடியாது. தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே திருமணம், அதிலும் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று நெருங்கிய சொந்தத்தில் திருமணம். இதனால் ஒரே வகை அல்லீல் இரண்டும் சேர்ந்தவர்கள் கணித்ததைவிட அதிகம் இருப்பார்கள். அல்லீல் விகிதத்திலிருந்து கணித்த எண்ணிக்கையோடு கிடைத்த எண்ணிக்கையை ஒப்பிடும் ஹார்டி–வைன்பெர்க் சோதனையில் பல மரபணு இடங்கள் விலகித் தெரியும். ஐரோப்பியத் தரவுக்கு எழுதிய வரம்பை அப்படியே போட்டு அவற்றைத் தூக்கி எறியாதீர்கள். ஒப்பீட்டாளர்களிடம் மட்டும் சோதியுங்கள், ஒரே வகை கூடியிருப்பதை விட்டுவையுங்கள், இருவகை சேர்ந்தவர்கள் கூடியிருப்பதைச் சந்தேகியுங்கள். அது பெரும்பாலும் சிப்பின் பிழை.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. சமூகத்துக்குச் சமூகம் மரபணு வேறுபடுகிறது. உணவும் தொழிலும் குடியிருக்கும் இடமும்கூட அதே கோட்டில் வேறுபடுகின்றன. மரபணுவும் சூழலும் உயிரியலில் தொடர்பே இல்லாமல் சமூகத்தின் வழியாகக் கைகோத்துக்கொள்ளும். படி 4ல் சொன்ன குறுக்குவழி இங்கே செல்லாது. மூதாதையர் கலப்பைக் காட்டும் முதன்மைக் கூறுகளைக் கணக்கில் சேருங்கள், தாய்மொழியும் பூர்வீக ஊரும் பெற்றோரின் உறவுமுறையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எச்எல்ஏ வகைகளைச் சிப்பிலிருந்து ஊகித்தறிவதானால் தெற்காசிய ஒப்புநோக்குத் தரவு இல்லாமல் செய்யாதீர்கள்.

படி 8: கணக்கு

லெய்டன் கட்டங்களுக்குத் திரும்புவோம். 'இரண்டும் இல்லை' என்ற வரியை அடிப்படையாக வைத்தால்: மரபணு மட்டும் 6.9, மாத்திரை மட்டும் 3.7, இரண்டும் 34.7.

பெருக்கல் அளவில் பார்த்தால் 6.9×3.7 ஏறக்குறைய 25.7. கிடைத்த 34.7ஐ அதனால் வகுத்தால் 1.35. 'இரண்டும் உண்டு' கட்டத்தில் ஒப்பீட்டுப் பெண்கள் இரண்டே பேர் என்பதால் இதைக் கூட்டு விளைவு என்று அடித்துச் சொல்ல முடியாது. கூட்டல் அளவில் பார்த்தால் 6.9+3.7−1 = 9.6 எதிர்பார்க்கலாம். கிடைத்தது 34.7, கூடுதல் 25.1. ஒரே தரவு, ஓர் அளவில் 'ஏறக்குறைய ஒன்றுமில்லை', இன்னோர் அளவில் 'மிகப் பெரிது'. லாஜிஸ்டிக் மாதிரியில் பெருக்கல் உறுப்பைப் போட்டு பி மதிப்பை மட்டும் பார்ப்பவர்கள் இரண்டாவதைக் காணவே மாட்டார்கள். எத்தனை பேருக்கு நோயைத் தடுக்கலாம் என்ற கேள்விக்குக் கூட்டல் அளவே விடை தரும். இரண்டையும் நம்பக இடைவெளியோடு (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) வெளியிடுங்கள். அந்த 34.7ன் 95 சதவீத இடைவெளி ஏறக்குறைய 8 முதல் 154 வரை. அந்த அகலத்தை ஒளிக்கக் கூடாது.

வயது, பாலினம், வருமானம் போன்றவற்றுக்குத் திருத்தும்போது அவற்றை வெறுமனே சேர்த்தால் போதாது. மரபணு × வயது, சூழல் × வயது என்ற பெருக்கல் உறுப்புகளையும் சேர்க்க வேண்டும். கூட்டு விளைவுக்கான திருத்தம் அப்போதுதான் நடக்கிறது. வெளியான கட்டுரைகளில் இதை விட்டவையே அதிகம்.

படி 9: திரும்பச் செய்தலும், பங்கேற்றவர்களுக்குச் சொல்வதும்

திரும்பச் செய்து பார்க்க இன்னோர் ஊரின் குழுவை ஆய்வு தொடங்கும்போதே கூட்டுச் சேருங்கள். அதே கேள்வித்தாள், அதே நோய் வரையறை, அதே அல்லீல், அதே திசை. நான்கில் ஒன்று மாறினாலும் அது திரும்பச் செய்தல் ஆகாது.

இந்தியாவில் நடத்தினால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகளின்படி நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டு நிதியோ கூட்டுழைப்போ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்கும் போக வேண்டும். இதற்கு மாதங்கள் ஆகும், அட்டவணையில் இடம் விடுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் முதலிலிருந்தே எழுதுங்கள். மாதிரி எத்தனை ஆண்டு இருக்கும், வேறு ஆய்வுக்குப் போகுமா, உறவுமுறை பற்றி எதிர்பாராத செய்தி தெரிந்தால் என்ன செய்வோம், விலக நினைத்தால் டிஎன்ஏவை அழிப்போமா என்ற நான்குக்கும் நேரான பதில் அதில் இருக்கட்டும்.

முடிவைச் சொல்லும்போது மடங்கைச் சொல்லாமல், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று சொல்லுங்கள். 'ஆபத்து 35 மடங்கு' என்று கேட்ட பெண் அன்றிரவு தூங்க மாட்டார். ஆண்டுக்கு 10,000 பேரில் 28 பேர் என்று சொன்னால் அவரால் யோசிக்க முடியும். அந்த மாற்றம் இருப்பது தெரிந்த பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி வரையறை சொல்கிறது. அதே நிறுவனம், மாத்திரை தரும் முன் எல்லாப் பெண்களுக்கும் இந்தச் சோதனையைச் செய்வது பொருத்தமில்லை என்றும் சொல்கிறது, ஏனென்றால் மாற்றம் அரிது, சோதனைச் செலவு அதிகம். முடிவைக் கடிதத்தில் அனுப்பாமல், ஆலோசகர் ஒருவர் உட்கார்ந்து பேச அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதற்கான சம்பளத்தை நிதி விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.